மாப்பிள்ளை குடித்த கசாயம்

குந்தவை,

மாப்பிள்ளையின் வயிற்று உப்புசத்துக்கு உன் அம்மாவின் கசாயத்தை நினைவிலிருந்தே வைத்தேன். ஓமம், சுக்கு, பெருங்காயம், வெல்லம். அதை அவள் மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டுவாள் என்பது, அவர் ஒரு சொம்பு குடித்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது மாட்டுக்கு வைக்கும் அளவு.

"ஜம்முன்னு இருக்கு மாமா, இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றார். தூங்கி எழுந்து கேட்டால் கொடுக்காதே. மோர்சாதம் போதும்.

ஒரத்தநாட்டு மாட்டு டாக்டரிடம் கேட்டுவரப் போகிறேன். வேறு யாரிடம் கேட்பது? வலி வந்தால் எனக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. நேற்று நீ அதைச் சொன்னபோது கத்தியிருக்கக் கூடாது.

அப்பா

பி.கு.: இத்தனை வருஷம் எனக்கு இந்தக் கசாயத்தை எந்தச் சட்டியிலிருந்து கொடுத்தாள் என்று கேட்க இப்போது அவள் இல்லை.