பக்கத்துக் கட்டில்காரியின் கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? விடுதியில் நான் நலம்.

எங்களைப் படிக்கவைக்கும் அறக்கட்டளை போன வாரம் கண் பரிசோதனை நடத்தியது. பக்கத்துக் கட்டில்காரி தப்பும் தவறுமாகப் படித்தாள்; இலவசமாக நீலக் கண்ணாடி கிடைத்தது. நானோ முன்னால் நின்றவர்கள் படித்ததைக் கேட்டு, எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டேன். பரிசோதனையும் பரீட்சைதானே என்று நினைத்தேன். "உனக்கெதுக்கும்மா கண்ணாடி?" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

இப்போது வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால், முன் வரிசையில் இருக்கும் அவள் திரும்பி, "என்னடி, என் கண்ணாடியையே முறைக்கிறே?" என்கிறாள். வயிறு எரிகிறது.

கவலைப்படாதீர்கள், நாளை வார்டனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அடுத்த கடிதத்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்; கிட்டத்தில் இருக்கும் பொடி எழுத்தும் எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. போன கடிதத்தை அவள்தான் படித்துக்காட்டினாள். நீங்கள் 'செல்லம்' என்று எழுதியிருந்ததை எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்