முடிச்சுப் போட வருவேனா என்று கேட்டீர்களே

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் ரெத்தினம் அவர்களுக்கு,

தங்கச்சி எழில்மொழி எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். முப்பது வருஷத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுத இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

போனில் சொல்லலாம்தான். நான் பாதியில் வேறெதற்கோ தாவுவேன், நீங்கள் அந்தப் பாதியிலேயே போனை வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இதையும் நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பத்திரிகை வந்தது. திருக்கடையூரில் உங்களுக்கு அறுபதாம் கல்யாணம். அண்ணி கழுத்தில் நீங்கள் ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் நான் மற்ற இரண்டையும் போட வேண்டும். பத்திரிகை ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறீர்கள்: "இந்தத் தடவையாவது நின்ற இடத்தில் நில்லு."

உங்கள் முதல் கல்யாணத்தில் எனக்குப் பதினைந்து வயசு. மண்டபத்துப் பின்பக்கம் ஜாங்கிரி பிழிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கை சுற்றுவதையே பார்த்து நின்றதில் கெட்டிமேளம் என் காதில் விழவில்லை. சித்தப்பா மகள் முடிச்சுப் போட்டாள். பந்தியில் எல்லார் முன்னாலும் என்னை அடித்தீர்கள். அந்த அடி ஆறிப்போயிற்று. அதற்கப்புறம் ஒரு விசேஷம் விடாமல் அதைச் சொல்லிச் சிரித்தீர்களே, அது ஆறவில்லை. பன்னிரண்டாவது பரீட்சைக்குப் போகையில் ஹால் டிக்கெட்டை பஸ்ஸில் விட்டேன். இது தேறாது என்று கட்டிக்கொடுத்தீர்கள். சீரோடு சேர்த்துக் கூறுகெட்டவள் என்ற பட்டத்தையும் அனுப்பி வைத்தீர்கள். என் வீட்டுக்காரர் அதை மட்டும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்.

போன வருஷம் நான் வேலை பார்க்கும் விதைக் கடையில் ஒன்று நடந்தது. குறுவைக்கு விதை கேட்டு வந்தவரிடம் சம்பா விதையைக் கொடுத்தனுப்பிவிட்டேன். அவர் நாற்று விட்டிருந்தால் அந்தப் போகமே போயிருக்கும். முதலாளி ஹமீதா பானு அக்கா ஸ்கூட்டரில் துரத்திப் போய் மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். அக்கா மறுநாள் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ஓரிடத்தில் உட்காராத தன் மகளுக்கு வைத்தியம் பார்க்கும் அதே டாக்டர்.

அவர் மூன்று தடவை வரச்சொல்லிப் பேசினார். சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்றார். அண்ணி வந்தார். ஆமாம், அம்சம் அண்ணிதான், உங்கள் பெண்சாதியேதான். கல்யாணத்துக்கு முன்பே மாமன் மகளாக என்னைத் தூக்கி வளர்த்தவர்தானே? உங்களிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து, நீங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதைகளையெல்லாம் சிரிக்காமல் சொன்னார். எனக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி. பிறவியிலேயே கவனம் நிலைக்காத கோளாறு. சோம்பல் இல்லை, திமிர் இல்லை, மருந்தும் பழக்கமும் இருந்தால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு முதலில் அழுதேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்த அழுகை உங்கள் மேல் ஆத்திரமாக மாறிவிட்டது. உங்களைப் பழிவாங்க வேண்டும் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

அதற்கு வழியையும் நீங்களே கொடுத்தீர்கள். உங்கள் மகள் பூவிழி மோட்டாரை நிறுத்த மறந்து நாற்றங்கால் முழுகிப்போனதாம், இரண்டு பாடம் அரியராம். அதற்காகக் காலேஜை நிறுத்தி, மணிவிழாவுக்கு மறுநாளே அவளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறீர்கள். எனக்குச் செய்ததை எழுத்து மாறாமல் மகளுக்கும் செய்யப் பார்த்தீர்கள்.

அவள் வியாழக்கிழமை முதல் என்னிடம் இருக்கிறாள். ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம், பஸ் ஏற்றி விட்டதும் அண்ணிதான். அவளுக்குப் பத்தொன்பது வயசு, அவளாக வந்தாள், திரும்பி வரமாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து நிச்சயத்தை நிறுத்துங்கள். இல்லையென்றால் திருக்கடையூரில் அத்தனை உறவும் நாத்தனார் எங்கே என்று தேடும்போது நான் இருக்க மாட்டேன். தெரிந்தே வராமல் இருப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லவும் செய்வேன்.

இன்னொன்று. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு உங்கள் பெயரைச் சொன்னார். பாதியில் விட்ட செங்கல் சூளை, வாங்கிய வருஷமே விற்ற டிராக்டர், டீக்கடையில் வைத்துவிட்டு வந்த கிரயப் பத்திரம், எதிராளி பேசி முடிக்கும் வரை பொறுக்க முடியாத அந்தக் கோபம். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். எனக்குச் சொல்லத் தடையில்லை. நீங்கள் செய்தபோது அதற்கு வேகம் என்று பெயர் வைத்தோம். நீங்கள் விட்டதையெல்லாம் தேடி எடுத்துவர அண்ணி ஓடினார். எங்களுக்கு ஓட ஆள் இல்லை, அடிக்க ஆள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூவிழியை டாக்டர் பார்க்கிறார். சின்ன வயதில் அவளைப் பார்த்தவர் ஒருவர் வேண்டும். அண்ணி வருகிறேன் என்றார், நான்தான் அண்ணன் வரட்டும் என்றேன். அவள் செய்ததையெல்லாம் நீங்கள் உங்கள் வாயால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, அது யார் கதை என்று உங்களுக்கே தெரிய வேண்டும். உங்களுக்கு நான் வைத்திருக்கும் தண்டனை இவ்வளவுதான்.

வந்துவிடுங்கள் அண்ணே. உங்கள் பெயருக்கும் ஒரு டோக்கன் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூறுகெட்ட தங்கச்சி
எழில்மொழி