வாப்பாவைப் பற்றி ஒரு பத்தி

காக்கா,

நேற்று தபாலில் ஒரு கவர் வந்தது. பிரித்ததும் முதலில் எழுந்தது உங்கள் தைலத்தின் வாசம். பிறகுதான் கண்ணில் எழுத்து பட்டது. நான்காக மடித்த பழைய கடிதம், மடிப்புகள் நைந்து போயிருந்தன. எழுத்து என்னுடையது. என் கையெழுத்து ஒரு காலத்தில் இவ்வளவு அழகாக இருந்ததா என்று கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அனுப்பியவள் உங்கள் மகள் பல்கீஸ். நீங்கள் மறைந்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகு உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தார்களாம். காலித் தைலப் புட்டிகளுக்கு அடியில் இது இருந்ததாம். சிறுபிள்ளையில் தான் தொலைத்துவிட்டதாக நினைத்த கடிதம் என்று எழுதியிருக்கிறாள். நீங்கள்தான் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்.

வளைகுடாவில் அந்தக் கேம்ப் அறையில் மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் உங்களுக்கு. நீங்கள் அதிராம்பட்டினத்திலிருந்து கிரேன் ஓட்ட வந்தவர்; உங்கள் ஊர்க்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் உங்களைக் காக்கா என்றேன். நான் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து, குத்தகை நிலத்தில் இரண்டு குறுவை தண்ணீரில்லாமல் போனதும், ஸ்டோர் கிளார்க் வேலைக்கு வந்தவன். பி.ஏ. தமிழ் படித்தவன் என்று தெரிந்ததும் கேம்ப்பில் இருந்த தமிழர்கள் எல்லோருடைய கடிதங்களும் என் தலையில் விழுந்தன. வெள்ளிக்கிழமை நீங்களெல்லாம் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டு முடித்ததும், என் கட்டிலுக்கு முன்னால் வரிசை நிற்கும். நான் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி எழுதிக் கொடுப்பேன். நலம், நலமறிய ஆவல், இங்கு வெயில் அதிகம், பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும். வாங்கிப் போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. அதனால் நான் பெரிய எழுத்தாளன் என்ற நினைப்பில் இருந்தேன்.

பல்கீஸ் நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது நீங்கள் விமானம் ஏறினீர்கள். வீடு கட்டுவதற்காக நடுவில் ஒரு விடுப்பையும் விட்டுக்கொடுத்திருந்தீர்கள். அவளுக்கு மூன்று வயதானபோது உங்கள் வீட்டம்மா எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் வாப்பாவோடு கடைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, “வாப்பான்னா என்ன உம்மா?” என்று அவள் கேட்டாளாம். அந்த வரியை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு, “தம்பி, அவளுக்குப் புரியிற மாதிரி ஒண்ணு எழுதிக் கொடுங்க” என்றீர்கள்.

நான் என் பட்டம் முழுவதையும் அதில் இறக்கினேன். வாப்பா என்பவர் குடும்பத்தின் தூண், இல்லத்தின் ஒளி. கம்பீரமான தோற்றமும் சுருள் முடியும் கொண்டவர். உங்கள் தலையில் அப்போதே முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். கடிதத்தோடு ஒரு போட்டோவும் போனது. இரவல் கோட்டு, கூலிங் கிளாஸ், எஞ்சினியரின் வெள்ளைக் கார்மேல் ஒரு கை. கேம்ப்பில் எல்லோரிடமும் அந்தக் காரோடு ஒரு போட்டோ உண்டு. நாகூரிலிருந்து அதிராம்பட்டினம் வரை எத்தனை வீட்டுச் சுவரில் அந்த ஒரே கார் நின்றுகொண்டிருந்ததோ தெரியாது.

அடுத்த வருடம் விடுப்பில் போனீர்கள். திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னீர்கள். அவளுக்கு என் கடிதம் மனப்பாடமாம். தெருவில் எல்லோரிடமும் ஒப்பித்திருக்கிறாளாம். நீங்கள் வாசலில் போய் நின்றதும் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, “இது வாப்பா இல்ல. வாப்பாவுக்குச் சுருட்டை முடி. காருகிட்ட நிப்பாங்க” என்றாளாம். அறுபது நாளில் ஒரு நாள்கூட உங்கள் மடியில் வந்து உட்காரவில்லை. நீங்கள் கொடுத்த பொம்மையை, வாப்பா வந்ததும் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

எனக்கு அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் என் தோளில் கை வைத்து, “தம்பி, நீங்க எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அதுல இல்ல” என்றீர்கள். அதன் பிறகு எவ்வளவோ பேர் என் எழுத்தைக் குறை சொல்லியிருக்கிறார்கள். இதுபோல் ஒன்றும் உறைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றவர்களை நீங்களே அனுப்பிவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தீர்கள். நான் பேனாவைத் திறந்து, ‘மெலிந்த உடல், கனிந்த முகம்’ என்று தொடங்கினேன். “என்னைப் பாக்காமலே எழுதுறீங்களே” என்றீர்கள். அன்றுதான் உங்களை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் பார்த்திருக்கவில்லை. உச்சந்தலை ஜன்னல் வெயிலில் பளபளத்தது. காதுக்கு மேல்தான் முடி. இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. சிரித்தால் இடது கண் முதலில் மூடும், வலது கண் பிறகு. நெற்றியில் எந்நேரமும் தைலம். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். வழுக்கையை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். முதல் வரியே அதுதான் என்றீர்கள்.

அதோடு பத்தி முடிந்தது என்று நினைத்தேன். “இது நான் எப்படி இருப்பேன்னு சொல்லுது. அவ கேட்டது வாப்பான்னா என்னன்னு” என்றீர்கள். குடும்பத்தைக் காப்பவர் என்று எழுதினேன். அது கேம்ப் வாட்ச்மேனுக்கும் பொருந்தும் என்றீர்கள். மாதாமாதம் பணம் அனுப்புபவர் என்றேன். அதைப் பேங்க்கும் செய்கிறது என்றீர்கள். அன்பானவர் என்றேன். அப்படியானால் அவள் மாமன் என்ன கடுகடுப்பானவனா என்று சிரித்தீர்கள். வேறு யாருக்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதுதான் உங்கள் கணக்கு. வாத்தியார்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டும் எனக்கு ஏறாத பாடம் அது. கசங்கிய தாள்கள் கட்டிலைச் சுற்றிக் கிடந்தன.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு நீங்கள் எழுந்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு நாள் மெஸ்ஸில் இலங்கைச் சமையல்காரர் யாரிடமோ தன் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் பெயரும் பல்கீஸ். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நீங்கள் தட்டோடு திரும்பிப் பருப்பையெல்லாம் என் சட்டைமேல் கொட்டினீர்கள். அதைச் சொன்னேன். கதவருகிலிருந்து திரும்பி வந்தீர்கள். பிறகு, “எழுதுங்க. எந்தக் கூட்டத்துல நின்னாலும் உன் பேரைக் கேட்டா திரும்பிப் பாக்குற ஆளுதான் வாப்பா” என்றீர்கள். நான் ஒரு சொல்லும் சேர்க்காமல் எழுதினேன். நேற்று தபாலில் வந்தது அந்தக் கடிதம்தான்.

அந்த வாரமே என் அப்பாவுக்கும் எழுதினேன். ‘வாய்க்காலில் தண்ணீர் வந்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள், எப்படி வந்தது என்று எழுதுங்கள் என்று கேட்டேன். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்ததாகவும், வெடித்த மண் குடிக்கும்போது முணுமுணுவென்று சத்தம் கேட்டதாகவும் பதில் வந்தது. அப்பாவிடமிருந்து வந்தவற்றில் நான் வைத்திருக்கும் ஒரே கடிதம் அதுதான். அதையும் உங்கள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து நாம் ஒன்றாக ஊர் திரும்பினோம். திருச்சி விமான நிலையத்தில் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டீர்கள், வழுக்கை தெரியட்டும் என்று. வெளியே வந்தால் எல்லோரும் ஒரே மாதிரி. அதே கூலிங் கிளாஸ், அதே நைலான் கயிறு கட்டிய பெட்டி. வழுக்கைக்கும் அங்கே பஞ்சமில்லை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. நீங்கள் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தீர்கள். அப்போது ஒரு சின்னக் குரல், “பல்கீஸ்! பல்கீஸ்!” என்று கத்தியது. ஆறு வயதுப் பிள்ளை, கம்பியில் ஏறி நின்று, தன் பெயரைத் தானே கூவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேரில் நீங்கள் ஒருவர்தான் திரும்பினீர்கள். பெட்டி காலில் விழுந்ததைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை.

செய்தி கிடைத்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது காக்கா. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் தீராது. இப்போது பல்கீஸ் எழுதியிருக்கிறாள்: “சந்தூக்குப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன் வாப்பாவின் காதருகில் என் பெயரைச் சொன்னேன் மாமா. இரண்டு தடவை சொன்னேன். திரும்பவில்லை. இனி அந்தப் பத்தியை நான் எப்படிப் படிப்பது?”

அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இன்று காலை கும்பகோணம் போனேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பெண் தன் பிள்ளையைக் கூப்பிட்டாள். பல்கீஸ், ஓடாதே என்றாள். கையில் இருந்த டீ சிந்தச் சிந்த நான் திரும்பினேன்.

வேறு யாருக்கும் பொருந்தக்கூடாது என்றீர்களே காக்கா, நம் பத்தி தப்பாகிவிட்டது. இதைத்தான் அவளுக்கு எழுதப் போகிறேன்.