ரேவதியின் கை தெரிய வேண்டும்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மேற்குக் காற்று. மேகம் உண்டு, மழை இல்லை. கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு.

11.20க்கு விசாரணை. 11.41க்கு முடிந்தது. சொதப்பல்.

எழுதி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும். தங்கச்சி ரேவதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சு முழுக்கக் கையில். அவள் புருஷன் குமாருக்குக் கெங்கவல்லிப் பக்கம், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை. பிரிந்து ஒரு வருஷம். மே லீவுக்கு மகள் யாழினியைக் கூட்டிப் போனவர் திருப்பி அனுப்பவில்லை. காது கேட்காத தாயிடம் ஆறு வயசுப் பிள்ளை பத்திரமாக இருக்காது என்று அவர் ஊர்க் கோர்ட்டில் மனு. அங்கே சைகை மொழிபெயர்க்க ஆள் இல்லை. அதனால் வீடியோ. ஜட்ஜ் அங்கே, மொழிபெயர்க்கும் பத்மா மேடம் சென்னையில், ரேவதி இங்கே திருச்செங்கோட்டில், எங்கள் வீட்டு முன்னறையில். வீட்டிலிருந்துதான் பேச வேண்டும், பிள்ளை வளரப்போகும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். நான் மொழிபெயர்க்கக் கூடாது. கூடப்பிறந்தவள்.

பேர், வயசு, தொழில் (நைட்டி தையல்) வரை சரியாகப் போனது. பிறகு ஜட்ஜ் கேட்டார்: "ராத்திரி பிள்ளை அழுதா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

ரேவதி கையைத் தூக்கினாள். படம் நின்றது. நகர்ந்தது. நின்றது. பத்மா மேடம் மூன்று முறை, "சார், விட்டு விட்டு வருது, எனக்குப் புரியலை." குமாரின் வக்கீல் பதில் இல்லை என்றே பதிவு செய்துகொள்ளலாம் என்றார். ஜட்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வியாழன், அதுதான் கடைசி. அப்போதும் முடியாவிட்டால் எழுத்தில் வாங்கிக்கொள்வாராம். ரேவதி எழுதும் தமிழ் துண்டு துண்டாக இருக்கும். வக்கீல் எழுதிக் கொடுத்தால் அது வக்கீல் பேச்சு.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கும் தெரியாது. அந்த நேரம் நான் ரவுட்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டேன். "ஜட்ஜிடம்தான் சொல்வேன்" என்று கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

13, வெள்ளி

நெட்வொர்க் லேப். இரண்டாம் வருஷம், பி பிரிவு. பாடம்: லைன் நெருக்கடியில் வீடியோ கால். பத்து வருஷமாகச் சொல்லும் அதே வாக்கியத்தைப் போர்டில் எழுதினேன். *குரலைக் காப்பாற்று, படம் போனால் போகட்டும்.*

எழுதிவிட்டு அப்படியே நின்றேன். ஒரு பெண் "மேம்?" என்றாள்.

வீட்டு ரவுட்டரில் அதைத்தான் செய்து வைத்திருந்தேன். குரலுக்கு முதல் இடம். படம் தெளிவாக இருக்கட்டும் என்று பெரிய அளவு வேறு. நெருக்கடி வந்ததும் மிஷின் சொன்னபடி செய்தது: வராத குரலைக் காப்பாற்றி, பேசிய கையை நிறுத்திவிட்டது. நெட்வொர்க் பாடம் நடத்துகிறேனாம். கூடவே முப்பத்து நாலு வருஷம் வளர்ந்தவள் எதில் பேசுவாள் என்று தெரியாதா எனக்கு?

யாரிடமும் சொல்லவில்லை.

14, சனி

மாற்றியவை:
– எங்கள் பக்கக் குரல் முழுக்க ஆஃப்.
– படம் சிறிய அளவு. மங்கினாலும் பரவாயில்லை, கை தொடர்ந்து நகர வேண்டும். ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம், குறையக் கூடாது.
– கட்டம் போட்ட சேலை வேண்டாம். ஒரே நிறம், கரும்பச்சை.
– பின்னால் தொங்கிய காலண்டர் காற்றில் ஆடுகிறது. கழற்றியாயிற்று. ஃபேன் ஆஃப்.
– ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேராக.

மாலை நாலு மணிக்குப் பத்மா மேடத்துடன் ஒத்திகை. நல்ல மனுஷி, பேசுவது குறைவு. முதல் நிமிஷம் அருமை. பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்தது. விரல் ஒன்றா இரண்டா தெரியவில்லையாம். "எண் சொன்னா தப்பாப் போயிடும்மா" என்றார்.

நாக்பூரில் போர் போடப் போயிருக்கும் என் வீட்டுக்காரர் ஃபோன். ரிக் வண்டி பழுது, பாகம் வர நாலு நாள். நான் பாதி கேட்டேன்.

அம்மா தட்டைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். "சாமி, தின்னுபோட்டுப் பாரு." ஆறிப்போனபின் சாப்பிட்டேன்.

15, ஞாயிறு

வெயில். இன்டர்நெட் லைன்காரர் வந்தார். கம்பத்திலிருந்து வீடு வரை பார்த்து, லைன்ல ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க என்று டீ குடித்துவிட்டுப் போனார். நம்பவில்லை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் முயன்றேன். அதே கதை.

ரேவதியை எழுந்து போகச் சொன்னேன். வெறும் நாற்காலி, வெறும் சுவர். அப்போதும், வெளியே போகும் டேட்டாவைக் காட்டும் அப்லோடு மீட்டர் உச்சியில். இது நடக்கக் கூடாது. வீடியோ அனுப்பும்போது மாறிய இடத்தைத்தான் புதிதாக அனுப்பும். சுவர் மாறாது, அதற்குச் செலவே இல்லை. யாருமே இல்லாத அறைக்கு எதற்கு இவ்வளவு?

எரிச்சலில் அம்மா மேல் பாய்ந்தேன்.

16, திங்கள்

வீடியோவுக்கு வைக்கும் அதே ஃபோனைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் லேபில் வைத்துப் பார்த்தேன். வெறும் சுவர்: மீட்டர் தரையில். கையை ஆட்டினேன்: கொஞ்சம் ஏறி இறங்கியது. கச்சிதம். ஃபோன் மேல் தப்பில்லை.

எங்கள் வக்கீல் கூப்பிட்டார். கல்லூரியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இப்போ இடம் மாத்துனா ஊட்டைக் காட்டப் பயப்படறாங்கன்னு அவிய வக்கீல் சொல்லுவாரு, வேண்டாங்க என்றார்.

யாழினியை அங்கேயே ஸ்கூலில் சேர்க்கக் குமார் விண்ணப்பம் வாங்கிவிட்டாராம். இதையும் வக்கீல்தான் சொன்னார். ரேவதியிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். மிஷினில் போய் உட்கார்ந்து ஒரே மூச்சாகப் பதினாலு நைட்டி தைத்தாள்.

17, செவ்வாய்

மாதாந்திரக் கரண்ட் கட், ஒன்பது முதல் இரண்டு. இன்வெர்ட்டரில் ரவுட்டரும் ஃபோனும். உருப்படாது என்று தெரிந்தும் பத்தரைக்குப் பத்மா மேடத்தைக் கூப்பிட்டேன்.

கண்ணாடி மாதிரிப் படம். இருபது நிமிஷம் ஒரு உடைப்பு இல்லை. "இன்னிக்கு என்னம்மா பண்ணீங்க?"

ஒன்றும் பண்ணவில்லை. முதலில், ஊரில் எல்லார் வீட்டு டிவியும் ஆஃப், அதனால் லைன் காலி என்று நினைத்தேன். ஆனால் மீட்டரைப் பார்த்தால் எங்கள் வீட்டிலிருந்து போகும் அளவே கால்வாசி ஆகியிருந்தது. லைன் அகலமாகவில்லை, சுமை குறைந்திருக்கிறது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அடுத்த வீட்டு விசைத்தறிக் குடோனில் சத்தம் கிளம்பியது. என் கண் முன்னால் மீட்டர் ஏறியது, ஏறியது, உச்சி. டீ டம்ளரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். டீயின் மேல் வட்ட வட்டமாக அலை.

வீடு ஆடுகிறது. வீடு ஆடினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் கேமரா. மயிரிழைதான். ஆனால் கேமராவுக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது புதுச் சுவர். மொத்தச் சுவரையும் அனுப்பி அனுப்பியே லைன் மூச்சு முட்டிப்போகிறது, கைக்கு இடமில்லை.

ஐந்து நாள் கம்பம் கம்பமாகத் தேடியிருக்கிறேன். ரேவதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், வீடு நடுங்குகிறது என்று. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

18, புதன்

காலையில் குடோன் முத்துசாமி மாமாவிடம் போனேன். நாளை ஒரு மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். சிரித்தார்.

"நான் நிறுத்திப்போடறேன் அம்முணி. பின்னால மூணு குடோன் ஓடுதே, அவிய நிறுத்துவாங்களா?"

நிறுத்தமாட்டார்கள். இரண்டு பேரிடம் கேட்டும் பார்த்தேன். நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் ஓட்டுகிறவர் கூலி போகும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நடுக்கத்தை நிறுத்த முடியாது, கேமராவை அதிலிருந்து பிரிக்க வேண்டும். முயன்றவை: மடித்த போர்வை (பலன் இல்லை), தலையணை (ஃபோன் சாய்ந்தது), கயிற்றில் தொங்கவிட்டது (ஊஞ்சல்). மதியம் மாமாவே வந்து எட்டிப் பார்த்தார். அவர் மருமகன் ரிக் லாரி வைத்திருக்கிறார். பழைய லாரி டியூப் ஒன்று கொண்டுவந்து போட்டார். பாதிக் காற்று. அதன் மேல் பலகை, பலகை மேல் அம்மாவின் அம்மிக்கல், கல்லோடு சேர்த்துக் கட்டிய ஃபோன். அடியில் மெத்து, மேலே கனம். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பூஜை மாதிரி இருக்கிறது.

மீட்டர் பாதிக்கு இறங்கியது. காற்றை இன்னும் கொஞ்சம் விட்டேன். கால்வாசி. தறி நாலு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்க.

மாமா: "நாப்பது வருசமா ஊடு ஆடிட்டுத்தான் இருக்குது. உனக்கு இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்."

பத்மா மேடத்துடன் ஒத்திகை. ரேவதி ஒன்றிலிருந்து ஐம்பது வரை விரலில் எண்ணினாள். அங்கிருந்து ஐம்பதும் சரியாக வந்தது.

19, வியாழன்

மேகமூட்டம். 11.20 என்றார்கள், கூப்பிட்டது 12.05. அதுவரை ரேவதி நாற்காலியை விட்டு எழவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. கரும்பச்சைச் சேலை. நான் மேஜைக்குக் கீழே தரையில், ரவுட்டர் பக்கத்தில்.

படம் நன்றாக இருக்கிறது என்று ஜட்ஜே சொன்னார். அதே கேள்வி.

ரேவதி சொல்லத் தொடங்கினாள். கீழேயிருந்து எனக்கு அவள் கை தெரிந்தது. இரண்டு நொடி கழித்துப் பத்மா மேடத்தின் குரல் என் கையிலிருந்த இன்னொரு ஃபோனில்: "அவ கால் என் வயித்து மேலதான் கிடக்கும். அழுதா உடம்பு குலுங்கும். எனக்கு முழிப்பு வந்துடும்."

நல்ல பதில். போதும், நிறுத்து என்று மனசுக்குள் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. அடுத்த வாக்கியம் குரலாகும் முன்பே அவள் கையில் பார்த்துவிட்டேன். *ரெண்டு தடவை தெரியாமல் போச்சு.*

குரல் வர இரண்டு நொடி. என் கை கேபிள் மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. பிடுங்கினால் போதும், போன வாரம் நின்றது மாதிரி நின்றுவிடும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். முதல் பாதி மட்டும் கோர்ட்டில் பதிவாகும். பிள்ளை கிடைத்துவிடும். அந்த இரண்டு நொடியில் இதெல்லாம் நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன்.

பிடுங்கவில்லை. அவள் பேச்சைப் போன வாரம் நான் ஒருமுறை நிறுத்தியாயிற்று.

குரல் வந்தது. "ரெண்டு தடவை எனக்குத் தெரியலை. காய்ச்சல் மாத்திரை போட்டு நான் தூங்கிட்டேன். எங்கக்கா வந்து எழுப்பினா."

குமாரின் வக்கீல் உடனே எழுந்தார். இதைத்தான் நாங்க ஆரம்பத்திலிருந்தே சொல்கிறோம் என்றார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். நிறைய நேரம் எழுதினார். பிறகு, "குமார், நீங்க சொல்லுங்க. ராத்திரி அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குமார் திரையில் இல்லை, குரல் மட்டும். "அவ அழமாட்டா சார்."

"வந்து ஆறு வாரம். ஒரு நாள்கூடவா?"

லைன் போய்விட்டதோ என்று மீட்டரைப் பார்த்தேன். போகவில்லை.

"எங்கம்மாகிட்ட படுத்துக்கும் சார். எனக்கு நைட் ஷிப்ட்."

உத்தரவு நாளை. ரேவதி எழுந்து போய் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

20, வெள்ளி

விடுப்பு கேட்கவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை. ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார், எடுக்கவில்லை.

3.50. வக்கீல். "அந்த ரெண்டு ராத்திரியத்தான் ஐயா மொதல்ல எழுதியிருக்காருங்க." அவ்வளவுதான் என்று ஃபோனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன். "அதையே சொன்னவங்க மத்ததையும் உள்ளபடிதான் சொல்லியிருப்பாங்கன்னு எழுதியிருக்காரு. புள்ளை அம்மாகிட்டத்தானுங்க. ரெண்டாவது, நாலாவது ஞாயிறு அப்பா வந்து பாத்துக்கலாம்."

அம்மா அழுதாள். ரேவதி அழவில்லை. யாழினி புத்தகங்களை அட்டை போட எடுத்தாள்.

கேபிளில் கை வைத்ததை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்த்தேன் என்றாள். பிறகு, "பிடுங்கியிருந்தால் ஜட்ஜ் முன்னாலேயே எழுந்து வந்து அறைந்திருப்பேன்."

21, சனி

தூறல். கெங்கவல்லிக்கு 5.40 பஸ், சேலத்தில் மாறணும். போக ரெண்டு டிக்கெட், வர ரெண்டரை.