தினம் ஒரு ஸ்பூன்

வியாழன், இரவு.

உம்மா தூங்கிவிட்டாள்.

பால், முட்டை, மீன் எதுவும் வேண்டாம் என்று நான் அடம்பிடித்தபோது வாப்பாதான் உம்மாவிடம் எனக்காகப் பேசினார். அவற்றில் கிடைக்கும் பி-12 சத்து சேர்த்த ஈஸ்ட் பேஸ்ட்டைத் துபாயிலிருந்து அனுப்பினார். தோசையில் தடவித் தின்ன வேண்டும். கறுப்பாக இருக்கும், உப்புக் கரிக்கும். இரண்டு வருடமாகத் தினம் ஒரு ஸ்பூன் எடுத்து வாஷ்பேசினில் கழுவிவிட்டேன்.

கால் மரத்துப்போவதைக் குற்றால அருவியில் குளித்த குளிர் என்றுதான் நினைத்தேன். இன்று தென்காசி டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, பி-12 மிகவும் குறைவு என்றார்.

"தெனம் திங்குதாளே டாக்டர்!" என்றாள் உம்மா. வெளியே வந்ததும் வாப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள். "பெத்த பிள்ளைக்குப் போய்க் காலாவதியானத அனுப்பிருக்கியளே!"

"தேதி பாத்துதான வாங்குனேன்..." ஸ்பீக்கரில் வாப்பாவின் குரல்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால் நாளைக்கே முட்டை அவித்து வைப்பாள்.

சற்றுமுன் வாப்பா என் போனுக்குப் படம் அனுப்பினார். வேலை முடிந்து நேரே கடைக்குப் போயிருக்கிறார். மூன்று பாட்டில்கள். "எல்லாத்துலயும் தேதி பாத்துட்டேம்மா. எது வாங்கட்டும்?"

"ஒண்ணும் வாங்காதிய வாப்பா, நான் அத தின்னதே இல்ல" என்று டைப் செய்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.

அவர் கடையிலேயே நிற்கிறார்.