மகாதேவன் அங்கிளின் கழுத்து

1986 செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் மகாதேவன் அங்கிள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்ததும் வழக்கம்போல அவருக்குக் கழுத்துப் பிடிப்பு. வாரம் முழுக்கக் குனிந்தே ஆபரேஷன் பண்ணுகிற சர்ஜன், பிடிக்காமல் என்ன செய்யும்? மாடி அறைக்குப் போனோம். ஷ்யாமளா ஆன்ட்டி கூடவே வந்து கதவைச் சாத்தினாள். கீழே இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு.

நான் படிப்பது டி.ஓ., ஆஸ்டியோபதி டாக்டர் படிப்பு. கடைசி வருஷம். மற்ற டாக்டர்களான எம்.டி.க்காரர்கள் படிக்கிற அத்தனையும் நாங்களும் படிக்கிறோம். அதற்கு மேல், எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்கிற பாடம் ஒன்று. அந்த ஒரு பாடத்துக்காக ஊரே எங்களை ஒரு தினுசாகப் பார்க்கிறது. அப்பா எங்கள் பிஸ்கட்டவே ஊர் முழுக்க “பொண்ணு டாக்டருக்குப் படிக்கறா” என்பார். எந்த டாக்டர் என்று யாராவது கேட்டால் காது கேட்காது.

நான் அழுத்திவிட்டுக் கழுத்து சரியானதும் அங்கிள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கையா இது!” என்றார். அவர் ஆஸ்பத்திரியில் சர்ஜரி ரெசிடென்சிக்கு, அதாவது சர்ஜன் பயிற்சிக்கு, ஆள் எடுக்கும் கமிட்டியில் அவரும் உண்டு. அப்பா எனக்காகத் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்ளை பண்ணச் சொல்லு, நான் பார்த்துக்கறேன் என்றுவிட்டார். எனக்குச் சர்ஜரிதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஹார்ட் டாக்டர் பசுபதி அங்கிளும் சாப்பிட வந்திருந்தார். எந்த காலேஜ் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகாதேவன் அங்கிள் ரசத்தைப் புகழ ஆரம்பித்துவிட்டார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன, ஜெயிலுக்கா போய் வந்தேன்?

மாடியில் கழுத்தை அழுத்தும்போது அங்கிள் பழைய கதை சொன்னார். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எந்த ஆஸ்பத்திரியும் சர்ஜரி தரவில்லையாம். உங்கள் ஊரில் நிஜப் பிணத்தை அறுத்தா படிக்கிறீர்கள் என்று ஒருத்தன் கேட்டானாம். பாவமாக இருந்தது. இவர் பட்டவர், என் கஷ்டம் இவருக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! அம்மா பாயசம் வைத்தாள்.

டிசம்பர் 10, புதன்

மூன்று பேர். நடுவில் தலைமை சர்ஜன், நரைத்த வெள்ளைக்காரர். ஓரத்தில் அங்கிள், என்னை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு.

பித்தப்பை, குடல் அடைப்பு என்று தலைமை சர்ஜன் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அப்புறம் அங்கிள் வாயைத் திறந்தார். சிரித்துக்கொண்டே, இங்கிலீஷில் — இந்த எலும்பு நெட்டி முறிக்கிற வைத்தியத்தை நீ உண்மையிலேயே நம்புகிறாயா?

மூன்றாவது ஆள் சிரித்தான். தலைமை சர்ஜன் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார். நான் அங்கிளின் கழுத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் சரிசெய்த கழுத்து, ஜம்மென்று திரும்புகிறது. ஒரு வார்த்தை போதும். ஆனால் நம் மனுஷரை, அதுவும் அப்பாவின் சிநேகிதரை, அவர்கள் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது? அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்.

பாடத்தில் இருந்தது, படித்தேன், அதிகம் பயன்படுத்துவதில்லை என்றேன்.

டிசம்பர் 11

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்?

1987 மார்ச் 18

சர்ஜரி கிடைக்கவில்லை. அங்கே மட்டுமில்லை, எங்கேயும். அப்பா வாசலில் பனி தள்ளப் போனார். தள்ளுகிற அளவுக்குப் பனியே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

அங்கிள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகமாட்டேன் என்றேன். போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றாள் அம்மா. போனோம்.

அங்கிளே ஆரம்பித்தார். தலைமை சர்ஜனுக்கு என்னைப் பிடித்துத்தான் இருந்ததாம். அவருடைய முதுகுவலியைச் சரிசெய்ததே ஒரு டி.ஓ.தானாம். தன் படிப்பைத் தானே நம்பாதவளை எப்படி நம்பிக் கத்தி கொடுப்பது என்று கேட்டாராம்.

“நீங்க சொல்லியிருக்கலாமே அங்கிள், உங்க கழுத்தை யார் பாக்கறான்னு.”

“நானே வெளிலேர்ந்து வந்தவன்மா. ஒன்னையும் உள்ள இழுத்தா, ரெண்டு பேரையும் சேத்து வெளில தள்ளிடுவா.”

சொல்லிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். மாடிக்குப் போகலாமா என்று கேட்டார். கேட்டாரே!

நான் போனேன். போய் அழுத்திவிட்டு வந்தேன். என்ன ஜன்மம் நான்?

ஏப்ரல் 15

டெக்சாஸில் ஒரு டி.ஓ. ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொண்டது. முதல் வருஷம் எல்லா வார்டும் சுற்ற வேண்டும். சர்ஜரி? அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜூன் 21, ஞாயிறு

என்னை வழியனுப்ப எங்கள் வீட்டில் சாப்பாடு. ஹால் நிறைய ஆட்கள். பசுபதி அங்கிள் டெக்சாஸ் வெயிலைப் பற்றிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

மகாதேவன் அங்கிள் வரும்போதே தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நல்ல பிடிப்பு. சாப்பிட்டானதும் ஷ்யாமளா ஆன்ட்டி என் காதருகில் வந்து, “மாடில ரூம் காலியா இருக்காடி?” என்றாள்.

நான் ஒரு நாற்காலியை எடுத்து ஹாலின் நடுவில் போட்டேன்.

“இங்கயே உக்காருங்கோ அங்கிள். வெளிச்சமா இருக்கு.”

அவர் நாற்காலியைப் பார்த்தார். பசுபதி அங்கிளைப் பார்க்க உடம்பையே திருப்பினார். வலியில் அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. என் கை தானாகவே எழுந்தது. எந்த இடத்தில் முடிச்சு, எவ்வளவு அழுத்த வேண்டும், எல்லாம் அதற்குத் தெரியும். உட்கார்ந்திருந்தால் செய்திருப்பேன். மனசாரச் செய்திருப்பேன்.

“பரவால்லம்மா. ஆத்துக்குப் போய் ஹீட்டிங் பேட் வெச்சுக்கறேன்,” என்றார்.

அவருக்கு என்ன என்று பசுபதி அங்கிள் கேட்டார். “கழுத்து. நாகுதான் எப்பவும் பாத்து விடுவா,” என்று என்னைக் காட்டினார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, “அவ டி.ஓ.,” என்றார். அப்பா அதை வெளியில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வாசல் வரை போய் நின்றேன். காரைப் பின்னால் எடுக்க அங்கிளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஷ்யாமளா ஆன்ட்டி பட்டுப்புடவையோடு இறங்கித் தெருவில் நின்று, வரலாம், வரலாம் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.