ஒரு 'என்' குறைந்த பணத்தாள்

ரோவில், மெல்பேர்ன்,
ஞாயிறு காலை

அன்பின் சிவமணி,

நீயும் மகள் தர்ஷனாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். என் மனுசன் தேவராஜாவின் முழங்கால் மட்டும் மெல்பேர்ன் குளிரோடு சண்டை பிடிக்கிறது. என் தொலைபேசி எண்ணை நீ தடுத்து வைத்து இரண்டு வருஷமாகிறது, அதனால்தான் கடிதம். உங்கள் சிட்னி விலாசத்தைத் தர்ஷனாவிடம் கெஞ்சி வாங்கினேன். அவளை ஏசாதே.

நோபல் பார்க் மண்டபத்தில் நம் பழங்காசு சேகரிப்பாளர் சங்கம் கண்காட்சி வைத்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீ கொண்டுவந்தது அமெரிக்காவைப் பிரித்தானியர் ஆண்ட காலத்துப் பென்சில்வேனியாப் பணத்தாள். ஏலத்தில் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்த நாளுக்காகவே பொத்தி வைத்திருந்தாய். நான் நாற்பது பேருக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "காசு அடிக்கிறவனுக்குத் தன்ரை ஊரின்ரை பேர் எழுதத் தெரியாதே? இங்கிலீசிலை 'பென்' எண்ட இடத்திலை ரெண்டு 'என்' எழுத்து வரவேணும், ஒண்டுதான் கிடக்கு. இது கள்ளத்தாள்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? தாளில் தெரிந்த நீல நூல் உன் சேலையிலிருந்து ஒட்டியது என்றும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அதைச் சட்டத்தோடு எடுத்து என் கையில் தந்து, "கள்ளத்தாள்தானே, நீயே வைச்சிரு" என்றுவிட்டுப் போனாய். அடுத்த மாதம் நீ சிட்னிக்குக் குடிபோனதை வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று தொடக்கம் அது என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. போன மாதம் தேவராஜா முழங்கால் எண்ணெய் தேடி லாச்சியை இழுத்த இழுப்பில் சட்டம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. தாளைக் குசினி யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெயிலில் மினுங்கியது. கண்ணாடித்தூள் என்று நினைத்து மெல்லிய தூரிகையால் தட்டினேன், போகவில்லை. மினுக்கம் தாளுக்குள்ளே இருந்தது. அன்று அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது.

மறுநாள் ரயிலேறி நகரத்துக்குள் பழைய பணத்தாள் விற்கும் ஒருவரிடம் போனேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, அசல் என்றார். கள்ளர்களால் அதே தாளைச் செய்ய முடியாதபடி, கடதாசிக் கூழிலேயே மினுங்கும் அப்பிரகக் கல்லின் துகளையும் நீல நூலையும் கலந்திருக்கிறார்களாம். பின்பக்கத்து இலையும் யாரும் வரைந்ததல்ல. உண்மையான இலையைச் சாந்தில் பதித்து, அந்தப் பதிவில் ஈயம் வார்த்து, அதைக்கொண்டு அச்சடித்தது. அதன் நரம்பு தண்டருகே தடிப்பாகத் தொடங்கி ஓரத்தில் மயிரிழையாகிறது. எந்தக் கள்ளனின் உளியும் அதைச் செதுக்காது என்றார்.

'என்' எழுத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். அந்த ஊர் அசல் தாள்களிலேயே ஊரின் பெயரைப் பலவிதமாக எழுதியிருக்கிறார்களாம். கள்ளன் பிழையைத் திருத்தி அடித்து மாட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே வைத்த பொறி என்பார்கள் சிலர். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலே அப்படித்தான் என்பார்கள் வேறு சிலர். பொறியோ இல்லையோ, சிவமணி, இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

தாளை விற்பீர்களா என்று கேட்டார். என்னுடையதில்லை, என் சிநேகிதியினுடையது என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று திரும்பி வந்த ரயில் முழுக்க யோசித்தேன்.

போன ஞாயிறு, அதே மண்டபம், ஏறக்குறைய அதே ஆட்கள். தலைவர் விக்னராஜா ஐந்து நிமிஷம் தந்தார், நான் இருபது நிமிஷம் பேசினேன். ஒவ்வொருவரையும் யன்னலடிக்குக் கூட்டிப்போய் அந்த மினுக்கத்தைக் காட்டினேன். இது சிவமணியின் தாள், இதைக் கள்ளம் என்று சொன்ன வாய் என்னுடையது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அப்ப அண்டைக்குப் பிழை தாளிலை இல்லை, உம்மடை கண்ணிலை" என்றார் விக்னராஜா. உன்னைப் பார்த்துச் சிரித்ததைவிட இரண்டு மடங்கு சிரித்தார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

தாளைத் தபாலில் போட மனம் வரவில்லை. வருகிற இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு நான் சிட்னி விமான நிலையத்தில் இறங்குவேன். நீ தர்ஷனாவை அனுப்பினால், அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவேன், மனத்தாங்கல் இல்லை. நீயே வந்தால் இரண்டு நாள் நிற்கிறேன். தேவராஜாவுக்கு இரண்டு நாளைக்குக் கறி சமைத்து ஃப்ரீசரில் இப்போதே வைத்தாயிற்று.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
யோகா